உலர்த்தி வைக்க முடியாத விதை: பொன்டிக் ஓக் மரமும் வீட்டுத் தோட்டமும்

அரிய மரமொன்றை வீட்டு வளவில் நட்டு வளர்ப்பவர் அந்த மரத்தைக் காப்பாற்றுகிறார் என்று சொல்லலாமா? அல்லது தன் வளவுக்கு அழகு சேர்க்கிறார், அவ்வளவுதானா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உதாரணமாக நான் எடுத்துக்கொண்டிருப்பது பொன்டிக் ஓக் என்ற மரம். இக்கல்லூரியிலே உயர்தரத்தில் உயிரியல் படித்து, திருமணத்தின் பின் இங்கிலாந்தில் குடியேறிய பழைய மாணவி நான். எங்கள் வீட்டின் பின்புறத்தில் உள்ள சிறிய நிலத்தில் அம்மரம் ஆறு வருடங்களாக நிற்கிறது. அதை வளர்க்கும்போது படித்ததையும் பார்த்ததையும் தங்கைமாருக்குப் பாடமாகத் தொகுத்துத் தருகிறேன்.

ஓக் என்பது எது?

ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி என்று எழுதுவோரும் உண்டு. கஷ்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பேரினத்துக்கு தாவரவியலில் குவேர்கஸ் என்று பெயர். கிண்ணம் போன்ற மூடியில் அமர்ந்திருக்கும் கொட்டையைக் கொண்டு ஓக் மரத்தை எளிதில் இனங்காணலாம். ஆங்கிலத்தில் அக்கொட்டையை ஏகோர்ன் என்பர்.

இலங்கைக் காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் எதுவும் இல்லை. தென்னிந்தியாவிலும் இல்லை, இந்தியாவில் இமயமலைப் பக்கம் போனால்தான் காணலாம். “மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் இருக்கிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். சபுக்கு என்றும் அழைக்கப்படும் அந்த மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நடப்பட்டது. பெயரில் ஓக் இருந்தாலும் அது முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

ஆனால் உண்மையான ஓக் மரத்தின் ஒரு பகுதி எங்கள் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. உம்மும்மாமார் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுத்த மருந்துச் சரக்குகளில் மாசிக்காயும் ஒன்று. பெயரிலே ‘காய்’ இருந்தாலும் அது காயல்ல. துருக்கி, சிரியா, ஈரான் பக்கங்களில் வளரும் ஓர் ஓக் மரத்தின் அரும்பில் சிறு குளவி ஒன்று முட்டையிடுகிறது. அந்த இடத்தில் மரத்தின் இழையம் உருண்டையாகத் தடித்து, உள்ளே இருக்கும் புழுவுக்கு வீடாகவும் உணவாகவும் ஆகிறது. அந்த உருண்டையே மாசிக்காய். வாயில் வைத்தால் இழுக்கும் துவர்ப்புக்கு அதிலுள்ள தனின் என்ற பதார்த்தமே காரணம்.

அதே தனினை அன்னபேதியுடன் சேர்த்து வேலம்பிசின் கலந்தால் கறுப்பு மை கிடைக்கும். அரபு எழுத்தர்கள் ‘ஹிப்ர்’ என்று அழைத்த மை இவ்வகையைச் சேர்ந்ததே. ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்காக இதே மையினால்தான் ஏடுகள் எழுதப்பட்டன. ஓக் மரத்துக்கும் அதன் கொட்டைக்கும் அரபியில் ‘பல்லூத்’ என்று பெயர். அந்தலூஸியாவில் முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்தில் இச்சொல் ஸ்பானிய மொழிக்குள் புகுந்து ‘பெயோட்டா’ ஆனது. இன்றும் ஸ்பெயினில் ஓக் கொட்டைக்கு அதுதான் பெயர். எனவே இம்மரம் எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

பொன்டிக் ஓக்

உலகில் ஓக் இனங்கள் நானூறுக்கு மேல் உள்ளன. 2020 ஆம் ஆண்டில் வெளியான ஓக் மரங்களின் செம்பட்டியல் 430 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 31 சதவீதமானவை அழியும் அபாயத்தில் உள்ளன என்று கூறியது. அவற்றுள் ஒன்றே பொன்டிக் ஓக். கருங்கடலின் தென்கரைக்குப் பண்டைய காலத்தில் பொன்டஸ் என்று பெயர். அந்தப் பெயரே மரத்துக்கு வந்தது. துருக்கியின் வடகிழக்கு மலைகளிலும் ஜோர்ஜியாவிலும் மாத்திரமே இது காட்டில் வளர்கிறது.

இதன் நெருங்கிய உறவினர் எங்கே இருக்கிறார் என்பது வியப்பானது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவும் ஓரிகனும் சந்திக்கும் மலைகளில் வளரும் ‘சாட்லர் ஓக்’ என்ற குறுமரமே அது. தாவரவியலாளர் இவ்விரண்டையும் மட்டும் ஒரு தனிப் பிரிவில் வைத்துள்ளனர். ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த ஒரு வம்சத்தில் உலகின் இரு மூலைகளில் எஞ்சியிருக்கும் இரண்டு இனங்கள் இவை.

இங்கிலாந்தின் சாதாரண ஓக் இருபது மீற்றருக்கு மேல் வளர்ந்து விரியும். சிறிய வளவில் அதற்கு இடமில்லை. களிமண் நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் அதன் வேர்கள் மண்ணின் நீரை உறிஞ்ச, களிமண் சுருங்கி வீட்டு அத்திவாரம் வெடிக்கக்கூடும். பொன்டிக் ஓக் பெரும்பாலும் ஆறேழு மீற்றரோடு நின்றுவிடும். அதற்கும் பல பத்தாண்டுகள் எடுக்கும். தடித்த கிளைகளும், ஒரு சாணுக்குக் கிட்டிய நீளமுள்ள இலைகளும், இலையின் இருபுறமும் சீப்புப் பல் போல ஒழுங்காக ஓடும் நரம்புகளும் இதன் அழகு. ஒக்டோபர் கடைசியில் இலைகள் மஞ்சளாகிப் பின் கபில நிறமாகி உதிரும். அழகுக்காக மரம் வளர்ப்போர் இதனை விரும்புவதற்கு இவையே காரணம். நானும் முதலில் அதற்காகவே வாங்கினேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

நடும் முறை

இலை உதிர்ந்து மரம் உறங்கும் நவம்பர் தொடக்கம் மார்ச் வரையான காலமே கன்று நட ஏற்றது. நிலம் பனியில் இறுகியிருக்கும் நாட்களையும் நீர் தேங்கி நிற்கும் நாட்களையும் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த ஆழமற்ற மண் இம்மரத்துக்கு ஒத்துவராது. ஈரம் தங்கக்கூடிய, ஆனால் நீர் வடிந்தோடக்கூடிய, சற்று அமிலத்தன்மையான மண் நல்லது.

கிடங்கை வேர்க்கட்டியின் ஆழத்துக்கு மேல் தோண்டாமல், அகலமாகத் தோண்ட வேண்டும். ஆழமாகத் தோண்டி நிரப்பினால் மண் அமரும்போது கன்றும் கீழே இறங்கி, தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்துவிடும். ஒட்டுக்கன்றானால் ஒட்டிய இடம் நிலத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். நட்ட பின் சுற்றிலும் ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லை அகற்றி, கூட்டெருவும் காய்ந்த இலைகளும் பரப்பி விடலாம். அவை தண்டைத் தொடக்கூடாது. முதல் இரண்டு மூன்று கோடைகளில் வாரம் ஒரு முறையாவது நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் சிறிது தெளிப்பதை விட இது பயனுள்ளது, ஏனெனில் நீர் ஆழத்துக்குப் போனால்தான் வேரும் ஆழத்துக்குப் போகும்.

நான் கன்றை வீட்டுச் சுவரிலிருந்து எட்டு மீற்றர் தள்ளி நட்டேன். முழங்கால் உயரத்தில் வந்த கன்று இப்போது என் தோளளவு நிற்கிறது. இங்கு பிறந்து வளரும் என் மகள், “இது பெரிய மரமாகும்போது எனக்கு எத்தனை வயது?” என்று ஒரு நாள் கேட்டாள். “உன் பிள்ளைகளுக்கு இப்போது உனக்குள்ள வயது ஆகியிருக்கும்” என்றேன்.

கொட்டையிலிருந்து வளர்ப்பதானால் முறை வேறு. இலையுதிர் காலத்தில் விழும் கொட்டைகளை உடனே பொறுக்கி, வாளித் தண்ணீரில் போட வேண்டும். மிதப்பவை பெரும்பாலும் பூச்சி அரித்தவை அல்லது காய்ந்தவை, அவற்றை நீக்கிவிடலாம். அமிழ்ந்தவற்றை அன்றோ மறுநாளோ ஈரமான மண்ணில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் படுக்கையாக விதைக்க வேண்டும். பல ஓக் இனங்கள் விழுந்த சில வாரங்களிலேயே வேரை விட்டுவிடும்; தளிரோ வசந்தத்தில்தான் வரும். வேர் நேரே கீழிறங்கும் ஆணிவேர் என்பதால் குறைந்தது ஓர் அடி ஆழமுள்ள சாடி தேவை. எலியும் அணிலும் தோண்டாதிருக்க மேலே கம்பி வலை போட வேண்டும்.

“உடனே” என்ற சொல்லை இங்கு கவனியுங்கள். கொட்டைகளைக் காயவைத்துப் போத்தலில் அடைத்து அடுத்த வருடம் விதைக்கலாமே என்றால், முடியாது. இக்கட்டுரையின் மையமே இதுதான்.

உறங்காத விதை

நெல், பயறு, கொச்சிக்காய் ஆகியவற்றின் விதைகளை நாம் வெயிலில் உலர்த்தி, டப்பாவில் அடைத்து வைக்கிறோம். அவை உலர்ந்த நிலையில் உறங்கும். ஈரம் பட்டதும் விழிக்கும். விதை வங்கிகள் இயங்குவது இந்த இயல்பை நம்பியே. இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில், வேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில், கியூ தாவரவியல் பூங்கா 2000 ஆம் ஆண்டில் திறந்த மிலேனியம் விதை வங்கியில் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த காட்டுத் தாவர விதைகள் உலர்த்தப்பட்டு, மறை 20 பாகை செல்சியஸில் வைக்கப்பட்டுள்ளன. எங்கள் நாட்டிலும் கன்னொறுவையில் பயிர்களுக்கான விதை வங்கி உண்டு.

ஓக் கொட்டையை அவ்வாறு வைக்க இயலாது. அது விழும்போதே ஈரம் மிகுந்து, உள்ளே உயிர்ச்செயல்கள் நடந்துகொண்டிருக்கும் நிலையில் இருக்கிறது. உலர்ந்தால் அதன் கலங்கள் சிதைந்து முளையம் இறந்துவிடும். உலர்த்தாமல் உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகிக் கலங்களைக் கிழித்துவிடும். முளையத்தின் மிகச் சிறிய பகுதியை மட்டும் எடுத்துத் திரவ நைதரசனில் மறை 196 பாகையில் வைக்க ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். அது கடினமான, செலவு மிகுந்த வேலை.

இவ்வகை விதைகள் எங்களுக்குப் புதியவை அல்ல. பலாக்கொட்டையைக் காயவைத்துக் கறிக்கு வைக்கலாம். நடுவதற்கு வைக்க முடியாது. றம்புட்டான் விதையும் அப்படித்தான். இலங்கையின் பொருளாதாரத்தையே மாற்றிய றப்பர் விதையும் இந்த வகையே. 1876 இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை அவசர அவசரமாகக் கப்பலில் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு விரைந்தும் முளைத்தவை ஏறத்தாழ நான்கு சதவீதமே. முளைத்த கன்றுகளில் 1,900 க்கு மேற்பட்டவை கண்ணாடிப் பெட்டிகளில் அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடை பூங்காவில் நடப்பட்டன. விதையாக வைத்திருக்க முடியாததால் உயிருள்ள கன்றாகவே கடல் கடக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. பொன்டிக் ஓக் மரத்தை அதன் மலைக்கு வெளியே சேமித்து வைக்க வேண்டுமானால், விதைக் களஞ்சியம் பயன்படாது. எங்கேனும் ஒரு நிலத்தில் உயிருள்ள மரமாகவே அதை வைத்திருக்க வேண்டும். தாவரவியல் பூங்காக்களின் நிலம் எல்லையுள்ளது. அப்படியானால் எங்கள் வீட்டு வளவில் நிற்கும் மரமும் அந்தச் சேமிப்பின் ஒரு பகுதி என்று மகிழலாம் அல்லவா?

அங்கேதான் அடுத்த சிக்கல் வருகிறது.

காற்று கொண்டுவரும் கலப்பு

ஓக் மரத்துக்கு மகரந்தத்தைக் கொண்டுவருவது காற்று. சோளத்தில் இரண்டு வகைகளை அருகருகே நட்டால் ஒரே பொத்தியில் இரு நிற மணிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓக் மரத்திலும் அதுதான் நடக்கிறது. எங்கள் தெருமுனையில் பெரிய ஆங்கில ஓக் மரங்கள் நிற்கின்றன. என் மரம் வளர்ந்து பூக்கும் காலத்தில் அதைச் சூழ்ந்து பறக்கப்போவது அவற்றின் மகரந்தமே. பொன்டிக் ஓக் பிற ஓக் இனங்களோடு இலகுவாகக் கலக்கும் இயல்புடையது. ஆங்கில ஓக்குடன் கலந்து பிறந்ததற்கு ஹிக்கெல் ஓக் என்று தனிப் பெயரே உண்டு. ஜப்பானின் டைமியோ ஓக்குடன் கலந்து பிறந்தது ‘பொன்டெய்ம்’. பெற்றோர் இருவரின் பெயர்களையும் சேர்த்து வைத்த பெயர் அது. இவை அழகான மரங்கள்தான். ஆனால் பொன்டிக் ஓக் அல்ல.

ஆகவே என் மரத்தில் ஒரு நாள் காய்க்கும் கொட்டைகளைப் பொறுக்கி, “அரிய மரத்தின் விதை” என்று சொல்லி நண்பிகளுக்குக் கொடுத்தால், கொடுப்பது பெரும்பாலும் கலப்பினமாகவே இருக்கும். நல்லெண்ணம் இருக்கும், மரம் வேறாக இருக்கும்.

இதனைத் தவிர்க்க ஒட்டுமுறை உதவும். மல்வானைப் பக்கம் றம்புட்டான் ஒட்டுக்கன்று வாங்குவோர் ஏன் விதைக்கன்றை விரும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். விதையில் வருவது எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒட்டில் வருவது தாய்மரத்தைப் போலவே இருக்கும். பொன்டிக் ஓக்கின் ஒட்டுமுளையை ஆங்கில ஓக் ஒட்டுக்கட்டையில் பொருத்தியே பெரும்பாலும் கன்று செய்கிறார்கள். என் கன்றும் அப்படி வந்ததே. வசந்தத்தில் ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுகிறேன். விட்டால் ஒட்டுக்கட்டை மேலோங்கி, சில வருடங்களில் ஆங்கில ஓக் மட்டுமே மிஞ்சும்.

ஆனால் ஒட்டுமுறைக்கும் எல்லை உண்டு. ஒரே மரத்திலிருந்து நூறு ஒட்டுக்கன்றுகள் செய்தாலும் பரம்பரை அடிப்படையில் அவை ஒரே மரந்தான். ஒரு நோய் அந்த ஒன்றைத் தாக்கக்கூடியதானால் நூறையும் தாக்கும். ஓர் இனம் பிழைத்திருக்கப் பலவகைப்பட்ட மரங்கள் வேண்டும்.

எனவே தாவரவியல் பூங்காக்கள் மரத்தை மட்டுமல்லாமல் அதன் வரலாற்றையும் சேர்த்தே வளர்க்கின்றன. அங்குள்ள மரத்தில் தொங்கும் சிறு தகட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் பார்த்தால், விதை எந்த மலையில், எந்த வருடம், யாரால் எடுக்கப்பட்டது. காட்டிலிருந்து நேரே வந்ததா, தோட்டத்து மரத்திலிருந்து வந்ததா என்பதெல்லாம் தெரியும். காட்டு மூலம் பதிவாகியுள்ள மரமே இனப்பாதுகாப்புக்கு அதிகம் பயன்படும். பதிவு தொலைந்த மரம் அழகாக நிற்கும்; ஆனால் மீண்டும் அந்த மலைக்குக் கன்று அனுப்ப வேண்டிய தேவை வந்தால் அதை நம்பி எடுக்க முடியாது.

நான் கன்று வாங்கிய இடத்தில் அதன் மூலத்தைக் கேட்டுப் பார்த்தேன். இனத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் அவர்களிடம் இல்லை. ஆகையால் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் மரத்தைப் பொறுத்தவரை விடை இதுதான்: அது என் வளவுக்கு அழகு, என் மகளுக்கும் எனக்கும் பாடம், இனத்தைக் காப்பதில் அதன் பங்கு மிகச் சிறியது. இதனால் மரத்தின் மேல் உள்ள விருப்பம் எனக்குக் குறையவில்லை. ஆனால் ‘காப்பாற்றுகிறேன்’ என்ற சொல்லைப் பயன்படுத்த மூன்று விடயங்கள் தேவை என்பதை அது கற்றுத் தந்தது. மரத்தின் மூலம் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகவல் மரத்தோடு கைமாற வேண்டும். பெருக்கும்போது கலப்பு ஏற்படாத முறையில் பெருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மரம் பிறந்த மலையில் அது தொடர்ந்து வாழ வேண்டும். வீட்டுத் தோட்டம் எதுவும் அதற்கு ஈடாகாது.

எங்கள் வளவுகளில்

தங்கைமாரே, நீங்கள் ஓக் மரம் வளர்க்க வேண்டியதில்லை. உங்கள் வளவிலேயே இப்பாடத்தைச் செய்து பார்க்கலாம். இலங்கைக்கே உரிய கலமந்தர் மரம், அதன் அழகிய வரிகள் கொண்ட வைரத்துக்காகத் தளபாடம் செய்ய வெட்டப்பட்டு இன்று அரிதாகிவிட்டது. அதன் உறவினரான கருங்காலியும் அவ்வாறே பெருமளவில் வெட்டப்பட்டது. இவற்றின் கன்று யாருக்கேனும் கிடைத்தால், எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அரிய மரம் இல்லாவிட்டால் வீட்டுப் பலா போதும். தேன்போன்ற சுளை தரும் பலா ஒன்று சில வீடுகளில் நிற்கும். அது எந்த ஊரிலிருந்து வந்த கொட்டை, யார் நட்டார், எந்த வருடம் என்று உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்குப் பின் கேட்க ஆளிருக்காது. பலாவின் விதையும் உறங்காத விதை என்பதால், அந்த மரம் விழுந்தால் அதன் வகையும் அதோடு போய்விடும். விழுமுன் ஒட்டுமுளை எடுக்க வேண்டும்.

ஒரு கொப்பியில் ஐந்து நிரல்கள் போடுங்கள்: மரத்தின் பெயர், நட்ட வருடம், கன்றோ விதையோ வந்த இடம், கொண்டுவந்தவர், விதையிலா ஒட்டிலா வளர்ந்தது. ஒரு வகுப்பில் முப்பது மாணவிகள் இதைச் செய்தால், முப்பது வளவுகளின் மர வரலாறு கல்லூரியின் நூலகத்தில் சேரும். விஞ்ஞான மன்றம் இதை ஒரு தவணை வேலையாக எடுத்துக்கொள்ளலாம். என் கொப்பியின் முதல் வரியில் பொன்டிக் ஓக் என்று எழுதி, வாங்கிய திகதியையும், ஒட்டுக்கன்று என்பதையும் குறித்துள்ளேன். மூலம் என்ற நிரலில் ‘தெரியாது’ என்று இருக்கிறது. உங்கள் கொப்பிகளில் அந்த நிரலை நிரப்புவதற்குச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.